காக்கை தொடாத படையல்

ஆப்பிள் பழம் வரைந்து தர முடியுமா என்று வெங்கடப்பன் கேட்டபோது டிராயிங் மாஸ்டர் மாரிசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். ஓசூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் படம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே ஆசைதான். செத்துப்போன தகப்பனாரின் மங்கிய போட்டோவைப் பெரிதாக வரைந்து, இல்லாத மீசையை முறுக்கி, கழுத்தில் இல்லாத சங்கிலியையும் போட்டுத் தர வேண்டும். லாரி வைத்திருந்தவர்கள் முருகனைக் கேட்டார்கள். பழம் கேட்டு வந்த முதல் மனிதர் வெங்கடப்பன். அதற்காக அவர் மேல் மாரிசாமிக்கு மரியாதை வந்துவிடவில்லை. குரங்குக்கும்தான் பழம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

வெங்கடப்பனுக்குத் தேன்கனிக்கோட்டையைத் தாண்டி, காடு தொடங்குகிற இடத்தில் ஊர். ராகி விளைகிற நிலம் ஏராளம். பெங்களூர் மரமண்டிக்குக் கட்டை அனுப்புகிற வியாபாரமும் சேர்ந்த பிறகு, பழைய ஓட்டு வீட்டை ஒட்டியே கல்லால் புது வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். அதில் சாப்பிடுவதற்கென்றே ஓர் அறை. அறை நடுவே மேஜையும் நாற்காலிகளும் வரப்போகின்றன. பெங்களூரில் மண்டிக்காரர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் பழங்கள் நிறைந்த படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்களாம். அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டதிலிருந்து வெங்கடப்பனுக்கு வேறு நினைப்பில்லை.

"ஒரு ஆப்பிளு, ஒரு கொத்து திராச்சை, ஒரு பீங்கான் தட்டு. அவ்ளோதான் மாஸ்டர். பாக்கறவன் கை நீட்டணும்" என்றார்.

மாரிசாமி ஒப்புக்கொண்டார். எண்ணெய் வர்ணமும் கான்வாஸும் பெங்களூரிலிருந்து வாங்கித் தருவதாக அந்த மனிதர் சொன்னதுதான் காரணம். சென்னையில் ஓவியப் பள்ளியை விட்டு வந்த பிறகு மாரிசாமி எண்ணெய் வர்ணத்தைத் தொட்டதே இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கூஜாவையும் எலுமிச்சம்பழத்தையும் மேஜையில் வைத்துப் பென்சிலால் வரையச் சொல்வதே அவர் பிழைப்பு. எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பாதிப் பையன்கள் அந்த எலுமிச்சம்பழத்தைத் திருடித் தின்றிருப்பார்கள். அதைத்தான் இந்த ஊரின் கலையார்வம் என்று அவர் சொல்வது வழக்கம்.

அவர் அம்பாசமுத்திரத்துக்காரர். ஆற்றுப் பாசனத்தில் விளைந்த அரிசியைத் தின்று வளர்ந்தவர். ஓசூரில் அவருக்குப் பிடித்தது குளிர் ஒன்றுதான். ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் நுழைந்து கன்னடத்தில் முடிக்கிற இந்த ஊர்ச் சந்தைப் பேச்சை அவர் பேச்சாகவே ஒப்புக்கொண்டதில்லை. அவித்த ராகி மாவை உருட்டி, மெல்லாமல் விழுங்கி, அதைச் சாப்பாடு என்று வேறு சொல்கிறார்களே என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய வியப்பு. களியை அவர் ஒருமுறைகூட வாயில் வைத்ததில்லை. வைக்காமலே அதன் ருசி தனக்குத் தெரியும் என்று சொல்வார்.

ஓவியப் பள்ளியில் படித்தபோது அவருக்குப் பிடித்தது அசையாப் பொருள்களை வைத்து வரைகிற ஸ்டில் லைஃப். அங்கே அதற்கு மதிப்பில்லை. முதலாண்டுப் பையன்கள் கை பழகுவதற்கு வரைகிற சட்டியும் பானையும், அவ்வளவுதான். புராணக் காட்சி வரைந்தவர்களுக்கும், குடம் சுமக்கிற பெண்களை வரைந்தவர்களுக்கும் சென்னையிலேயே வேலை கிடைத்தது. சட்டி பானையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மாரிசாமிக்கு ஓசூர் கிடைத்தது.

ஆவணி மாதத்திலிருந்து சனிக்கிழமைதோறும் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து வண்டித் தடத்தில் நடந்து, கட்டி முடியாத அந்தச் சாப்பாட்டு அறைக்குப் போனார். ஜன்னலுக்கு இன்னும் கதவு போடவில்லை. வடக்கு வெளிச்சம் தாராளமாக விழுந்தது. அந்த ஒன்றுக்காக வெங்கடப்பனை மன்னிக்கலாம்.

ஆனால் ஆப்பிள் முதல் வாரத்திலேயே அழுகிவிட்டது. பீங்கான் தட்டு வண்டியில் வரும்போது விரிசல் விட்டிருந்தது. வெங்கடப்பனோ கட்டை ஏற்றப் போனவர் வாரக்கணக்கில் ஊருக்கு வரவில்லை. கேட்பதற்கு ஆள் இல்லாததால் மாரிசாமி தன் இஷ்டத்துக்கு அடுக்கினார். தட்டுக்குப் பதிலாக ஒரு வாழையிலை. அதன் மேல் பிளந்த மாதுளை, திராட்சைக் கொத்து, எலுமிச்சை. பின்னால் ஒரு வெண்கலச் சொம்பு. இலையின் நுனி இடப்பக்கம் இருந்தால் படம் ஒரு பக்கமாகச் சாய்வதுபோல் இருந்தது. நுனியை வலப்பக்கம் திருப்பி வைத்தார். சாப்பிடுகிறவனுக்கு இலையை அப்படிப் போட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவர் யாருக்கும் சோறு போடவில்லை, படம் வரைகிறார்.

ஆப்பிள் இருந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

அந்த வீட்டில் வெங்கடப்பனின் அண்ணி சரோஜம்மாள் இருந்தாள். புருஷனை இழந்தவள். பிள்ளை கிடையாது. பழைய வீட்டிலிருந்து புது அறைக்கு வருகிற வழியில் அடுப்படி. அங்கிருந்து அவள் மாஸ்டர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே தன் வேலையைச் செய்வாள். ஒரு சனிக்கிழமை மதியம் மாஸ்டருக்குப் பசிக்குமே என்று தட்டில் களியும் அவரைக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். மாரிசாமி தான் களி சாப்பிடுவதில்லை என்று சொல்லி, ஓசூர் ஓட்டலில் கட்டிக்கொண்டு வந்திருந்த பொட்டலத்தைப் பிரித்தார். சாப்பிட்டுக்கொண்டே அந்த உருண்டையைப் பார்த்தார். இந்த வீட்டு மேஜைக்கு ஏற்ற பழம் இதுதான் என்று தோன்றியது. ஆப்பிளாம், பீங்கானாம்! வெங்கடப்பன் மண்டிக்காரரைப் போல ஆகிவிட்டதாக நினைத்து மேஜையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போது, மேலே அவருடைய களி உட்கார்ந்திருக்கட்டும். குழம்பை வழித்துவிட்டு உருண்டையைத் தூக்கி இலையின் நடுவில் வைத்தார்.

அன்றைக்கு அவருக்கு அது வெறும் கேலி. ஆனால் தூரிகையை எடுத்த பிறகு அந்த உருண்டை அவரை விடவில்லை. தூரத்துக்குக் கறுப்பு, கிட்டப் போனால் கறுப்பென்று அதில் எதுவுமே இல்லை. ஈர மண்ணின் சிவப்பும், ஜன்னல் பக்கத்தில் ஒரு நீலமும், மாதுளையிலிருந்து எதிரொளித்த கருஞ்சிவப்பும் இருந்தன. உச்சியில் குழம்பு ஊற்றுவதற்காகக் கட்டைவிரலால் அழுத்திய குழி. குழியின் விளிம்பில் ஈரம் மினுங்கியது. ஆவி அடங்க அடங்கத் தோல் இறுகி மெல்லிய வெடிப்பு ஓடியது. ஒரு வாரம் காய்ந்ததை வைத்து வரைய முடியாது. ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாக ஓர் உருண்டை வேண்டும் என்று சரோஜம்மாளிடம் சொன்னார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதே அளவில், அதே குழியோடு செய்து கொடுத்தாள். வெளிச்சம் மாறியதும் மாரிசாமி அதை எடுத்து வாசலில் படுத்திருந்த நாய்க்குப் போடுவார். அவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஐப்பசியில் ஒருநாள் வெங்கடப்பன் வந்து படத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது. ஆப்பிள் எங்கே, இந்தக் கருமம் என்னத்துக்கு என்று கேட்டார். அன்றைக்கு மாரிசாமி செய்தது பிரசங்கம்தான். கேட்பவனுக்குப் புரியாது என்று தெரிந்தே செய்கிற பிரசங்கத்தில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா, அந்தச் சுகத்தோடு செய்தார்.

எகிப்து தேசத்தில், இயேசு பிறப்பதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால், பெரிய மனிதர்களின் கல்லறைச் சுவரில் ரொட்டியும் வாத்தும் திராட்சையும் வரைந்து வைத்தார்கள். செத்தவன் காலகாலத்துக்கும் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான் என்று அவர்களுக்கு நம்பிக்கை. கிரேக்கத்தில் ஒருவன் திராட்சை வரைந்தான், பறவைகள் நிஜம் என்று நினைத்து வந்து கொத்தின. அதைவிடப் பெரிய பரிசு எந்தச் சித்திரக்காரனுக்கும் இதுவரை கிடைக்கவில்லை. ரோமாபுரிக்காரர்கள் விருந்தாளி தங்குகிற அறையில் அத்திப் பழத்தையும் முட்டையையும் மீனையும் வரைந்தார்கள். அப்புறம் டச்சுக்காரர்கள். நம்முடைய மிளகைக் கப்பல் கப்பலாக ஏற்றிப் போய்க் கொழுத்த அந்த வியாபாரிகள் தங்கள் சாப்பாட்டு மேஜையை வரையச் சொன்னார்கள். பாதி உரித்த எலுமிச்சை, கவிழ்ந்த வெள்ளிக் கிண்ணம், கடித்த ரொட்டி, அதன் மேல் ஓர் ஈ. சில சமயம் பக்கத்தில் ஒரு மண்டை ஓடு, தின்கிறவன் தானும் அழுகப் போகிறவன் என்று மறக்காமல் இருப்பதற்காக. இவ்வளவுக்கும் பிறகு பிரான்ஸ் தேசத்துப் பண்டிதர்கள் உட்கார்ந்து படங்களுக்குப் படி வகுத்தார்கள். தெய்வங்களும் ராஜாக்களும் மேல் படி, மனித முகம் அடுத்தது, மரம் மட்டை மிருகம் அதற்கும் கீழே, சட்டியும் பழமும் கடைசிப் படி. அந்தக் கடைசிப் படியிலேயே ஒருவன் ஒரு செப்புப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு ஆயுளைக் கழித்தான். இன்னொருவன் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டு.

"நம்ம நாட்டுல இது ஏன் வளரலை தெரியுமா?" என்றார் மாரிசாமி. "நம்ம ஆளுக்குப் பழத்தைப் பழமாப் பார்க்கத் தெரியாது. பழம் இருந்தா அது யாருக்கோ வச்சதா இருக்கணும். சாமிக்கு, இல்லேன்னா மாப்பிள்ளைக்கு."

வெங்கடப்பன் கொட்டாவியை மறைத்துக்கொண்டு, களியைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்றார். டச்சுக்காரப் பணக்காரன் தன் ஊர் ரொட்டியை வரையச் சொன்னான், ஆப்பிளை எவன் வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான் என்று மாரிசாமி சொன்னார். பணக்காரன் என்ற சொல் வேலை செய்தது. வெங்கடப்பன் அப்படியானால் இருக்கட்டும் என்றார். அடுப்படி வாசலில் சரோஜம்மாள் களி கிளறுகிற துடுப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளும் கேட்டாள் என்பது மாரிசாமியின் நினைவிலேயே பதியவில்லை. அம்மி கேட்டதா, ஆட்டுக்கல் கேட்டதா என்று யார் பார்க்கிறார்கள்?

தை மாதம் கிரகப்பிரவேசம். பெங்களூரிலிருந்து மண்டிக்காரர் குடும்பத்தோடு காரில் வந்தார். மேஜையில் புது விரிப்பு, மேலே படம். மண்டிக்காரரின் தாயார் அறைக்குள் ஓர் அடி வைத்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். நுனி மாறிக் கிடந்த இலையைப் பார்த்தாள். நடுவே களியை, சொம்பை, பழங்களைப் பார்த்தாள். சாப்பிட உட்கார்ந்த ஆள் யாரும் இல்லை. இது யாருக்கு வைத்த படையல், வீட்டில் யார் தவறிப்போனது என்று கன்னடத்தில் கேட்டாள்.

அதற்கு மேல் அறையில் இருந்த யாருக்கும் அது வேறு எதுவாகவும் தெரியவில்லை. செத்தவர்களுக்குப் படைக்கிறபோது இலையை அப்படித்தான் திருப்பிப் போடுவார்கள். அவர்கள் விரும்பிச் சாப்பிட்டதைத்தான் நடுவில் வைப்பார்கள். புது வீட்டில், நல்ல நாளில், தலைக்கு மேல் கருமாதி இலையை மாட்டி வைத்துக்கொண்டு விருந்துக்கு அழைத்தவனை என்னவென்று சொல்வது? விருந்தாளிகள் மாட்டுக்கொட்டகைப் பக்கம் பந்தலில் கீழே உட்கார்ந்து பேருக்குக் கை நனைத்துவிட்டுக் கிளம்பினார்கள். மேஜையில் யாரும் உட்காரவில்லை. வெங்கடப்பன் அன்று சாயங்காலமே படத்தைக் கழற்றி ராகி மூட்டை அடுக்கிய அறையில் வீசினார். இரண்டு நாள் கழித்து ஓசூர் பஸ் நிலையத்தில் மாரிசாமியைப் பார்த்தபோது, நாலு பேர் கேட்கத் தாறுமாறாகத் திட்டிவிட்டுப் போனார்.

மாரிசாமிக்கு இதில் வருத்தமே இல்லை. இதைவிட நன்றாக ஒரு கதை தனக்குக் கிடைக்காது என்று நினைத்தார். பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களுக்கு நடித்தே காட்டினார். படம் போனால் போகிறது என்றிருந்தார்.

பங்குனியில் அவரோடு படித்த சென்னப்பன் பெங்களூருக்கு வந்திருந்தான். மாரிசாமி போய்ப் பார்த்தார். அவன் இப்போது சென்னை ஓவியப் பள்ளியிலேயே ஆசிரியர். சித்திரையில் பெரிய கண்காட்சி ஒன்று நடக்கிறது, அதில் ஒரு நல்ல படம் இடம்பெற்றால் காலியாகப் போகிற ஆசிரியர் வேலைக்கு உன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும், உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டான். மாரிசாமி யோசித்தார். பென்சில் கூஜாக்கள் இருந்தன. பிறருடைய தகப்பன்மார் இருந்தார்கள். வேறு எதுவும் இல்லை.

அந்தக் களி உருண்டை மட்டும் இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அதை மனதில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். குழியின் விளிம்பில் வைத்த அந்த ஒரு வெள்ளைப் புள்ளிக்கு ஈடாகத் தன் வாழ்நாளில் தான் வேறு எதுவும் செய்யவில்லை என்று தெரிந்தது. களியும் கலப்படப் பேச்சுமான இந்தப் பிரதேசத்தை விட்டுப் போவதற்கு ஒரே சீட்டு அந்தக் களிதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே புறப்பட்டார்.

வெங்கடப்பன் முதலில் முகம் கொடுக்கவில்லை. படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக வந்திருப்பதாகச் சொன்னதும் இளகிவிட்டார். பீடை ஒழிந்தால் சரி, தாராளமாகக் கொண்டு போகலாம். ஆனால் அது மூட்டை அறையில் இல்லை, அண்ணியிடம் இருக்கிறது. அவள்தான் எடுத்துப் போனாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லி வாங்கிக் கொடுத்துடுங்களேன்" என்றார் மாரிசாமி.

வெங்கடப்பன் செருப்பைப் பார்த்தார். "அண்ணிகிட்ட நான் எதுவும் கேக்கறதில்ல மாஸ்டர். நீங்களே கேட்டுக்குங்க."

பழைய வீட்டின் உள்ளறை இருட்டாக இருந்தது. கண் பழகியதும் தெரிந்தது. சுவரோரம் மணையில் படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சட்டத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், குங்குமப் பொட்டு. மேலே ஆணியில் ஓர் ஆண்பிள்ளையின் தலைத்துண்டும், பக்கத்தில் பூண் போட்ட தடியும். முன்னால் எரிந்து அடங்கிய கற்பூரத்தின் கரி. சாம்பிராணிப் புகை ஏறி மாதுளையின் சிவப்பு லேசாக மங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் மாரிசாமிக்கு வயிறு எரிந்தது. எண்ணெய் வர்ணத்தின் மேல் புகை! இந்த ஜனங்களிடம் எதைக் கொடுத்தாலும் கடைசியில் அதற்குப் பொட்டு வைத்துப் புகை போட்டுவிடுவார்கள்.

படம் வேண்டும் என்றார். சென்னையில் கண்காட்சிக்கு வைக்க வேண்டும், பெரிய மனிதர்கள் பார்ப்பார்கள் என்றார்.

சரோஜம்மாள் அவசரப்படவில்லை. உட்காரச் சொல்லி மணை போட்டாள். அப்புறம் சொன்னாள். அவள் புருஷன் கங்கப்பன் நான்கு வருஷத்துக்கு முன்னால் கார்த்திகையில், ராகிக் கதிர் முற்றுகிற பருவத்தில் இறந்தான். அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரம் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருக்கிறான். களி போட்டு, குழி அழுத்தி, குழம்பு ஊற்றப் போகும்போது, சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து வந்த யானைகள் நிலத்தில் இறங்கிவிட்டன என்று சத்தம். அன்றைக்குக் காவல் முறை தம்பியுடையது. அவன் பெங்களூரிலிருந்து திரும்பவில்லை. கங்கப்பன் தடியையும் தகர டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடினான். தடி மட்டும்தான் முழுதாகத் திரும்பி வந்தது.

"அவுருக்குப் போட்டோ கிடையாது சார்" என்றாள். "எடுக்கணும் எடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அந்தக் களி அப்பிடியே இருந்துச்சு. ராத்திரியெல்லாம் அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க வரைஞ்சது அதுதான். அதே குழி, அதே வெடிப்பு."

"அம்மா, அது நீங்க எனக்காகப் பண்ணிக் குடுத்தது. வாராவாரம் ஒண்ணு."

"பண்ணினது நான்தான. எனக்குத் தெரியாதா?"

மாரிசாமி பொறுமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அது களி அல்ல, துணியில் பூசிய வர்ணம், அதை எந்தச் செத்தவரும் சாப்பிட முடியாது என்று குழந்தைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார்.

"நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள் அவள். "அந்தத் தேசத்துல செத்தவங்க காலகாலத்துக்கும் சாப்பிடறதுக்குன்னு செவுத்துல வரைஞ்சு வைப்பாங்கன்னு. நான் வருஷத்துக்கு ஒருவாட்டி படைப்பேன். மறுநாள் அவுருக்குப் பசிக்குமேன்னு இருக்கும். இப்ப அந்தக் கவலை இல்ல."

அது எகிப்துக்காரர்களின் மூடத்தனம் என்று சொல்ல வாயெடுத்தார். அவளுடைய முகத்தைப் பார்த்தால், யாரோ தூரத்து உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுகிறாள் போலிருந்தது. சரி, இவர்களுக்கு இவர்கள் வழியிலேயே போய்த்தான் சொல்ல வேண்டும் என்று, படைத்ததை எடுக்கவே கூடாதா, எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டார்.

காக்கை வந்து தொட்டால் எடுக்கலாம் என்றாள். தொட்டால் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று கணக்கு. மாசி அமாவாசைக்குப் படத்தை முற்றத்தில் கொண்டுபோய்ச் சுவர் மேல் வைத்தாளாம்.

"ஒரு காக்கா வந்து சட்டத்து மேல உக்காந்துச்சு சார். குனிஞ்சு குனிஞ்சு பாத்துச்சு. எச்சம் போட்டுட்டுப் போயிடுச்சு. கொத்தல."

இதை அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனாலேயே மாரிசாமிக்குக் காது சுட்டது. சென்னையில் எத்தனையோ பேர் அவர் படங்களைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு விமர்சனம் வந்ததில்லை.

"காக்கா தொடவே தொடாதும்மா. அப்ப இது என்னைக்கும் இங்கதானா?"

அதற்கும் ஒரு வழி உண்டு என்றாள். காக்கை வராமல் போனால் வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் இறந்தவரை நினைத்து, அவர் இடத்தில் உட்கார்ந்து, அதே சாப்பாட்டைச் சாப்பிட்டு எழுந்திருப்பார். அதன் பிறகு இலையை எடுத்துவிடலாம். கொழுந்தனைக் கேட்டாளாம். புது வீட்டுக்குப் போன பிறகு அவர் களி சாப்பிடுவதில்லை, அரிசிச் சோறுதான் என்று சொல்லிவிட்டாராம்.

"வரைஞ்சது உங்க கைதான. நீங்க உக்காந்தாலும் அவுரு ஒத்துக்குவாரு. சாப்பிட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க. மெட்ராஸ்ல வச்சுக்குங்க."

மாரிசாமி படத்தைப் பார்த்தார். அடுப்படியைப் பார்த்தார். ஓர் உருண்டை. அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கத்தில் சென்னை இருந்தது, கடற்கரை இருந்தது, படத்தைப் படமாகப் பார்க்கத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள். சரி என்றார்.

அவள் உலை வைத்தாள். மாவு வெந்து, துடுப்பால் கிளறி, கையை நனைத்து உருட்டுகிற வரையில் அவர் திண்டாட்டத்தோடு உட்கார்ந்திருந்தார். படத்துக்கு எதிரே இலை விழுந்தது, நுனி வலப்பக்கமாக. நடுவில் உருண்டை. அவள் கட்டைவிரலால் குழி அழுத்திக் குழம்பு ஊற்றினாள். ஆவி எழுந்தது. எதிரில் இருந்ததும் இதுவும் அச்சாக ஒன்றாக இருந்தன. அந்தக் கணத்தில்கூட அவர் கண் முதலில் தேடியது விளிம்பின் வெள்ளைப் புள்ளியைத்தான். தான் அதைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறோம் என்று ஒரு திருப்தி.

"அவுரை நினைச்சுக்கிட்டுச் சாப்பிடுங்க" என்றாள்.

முகமே தெரியாத ஒருவனை எப்படி நினைப்பது? ஒரு வாய் கிள்ளினார். விரலில் ஒட்டியது. வாயில் வைத்தார். விழுங்க வேண்டும் என்று தெரியும். ஆனால் சோறு தின்று பழகிய பல் தானாக மெல்லத் தொடங்கியது. மெல்ல மெல்ல அது வாய் முழுவதும் பரவி மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. பசையை, மண்ணை, பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஒட்டுகிற கூழை நினைத்தார். கண்ணில் நீர் வந்தது. எப்படியோ தள்ளிவிட்டு இரண்டாவது வாய் எடுத்தார். வயிறு மேலே எழும்பியது. அடக்கிக்கொண்டார். அடக்கிவிட்டதாகத்தான் அவர் நினைத்தார்.

அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்கில் அவர் களியைப் பார்த்தாரே, அதைப் போல.

"போதும் சார். எந்திரிங்க."

"இல்ல, சாப்பிட்டுடறேன்."

"வேணாம். மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. அவுரு சந்தோசமா சாப்பிடற ஆளு. இது சேராது."

மாரிசாமிக்கு நம்ப முடியவில்லை. அவள் சொன்னபடியே தான் உட்கார்ந்ததாகவும், சாப்பிட்டதாகவும், முகத்துக்கெல்லாம் யாரும் நிபந்தனை போடவில்லையே என்றும் வாதாடினார். இலையில் மிச்சமிருந்ததை அள்ளி இன்னொரு வாய் வைக்கப் போனார். அவள் இலையை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கோபம் இல்லை. தப்பாக விழுந்த கோலத்தை அழிப்பதுபோல, சுருட்டி எடுத்துப் போய் முற்றத்துச் சுவர் மேல் வைத்தாள்.

இலை விழுந்த உடனேயே காக்கைகள் வந்துவிட்டன. ஒன்று, பிறகு ஒரு கூட்டம். களியைக் கொத்தி இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டன. மாரிசாமி கை கழுவாமலே வாசற்படிக்கு ஓடி வந்து காட்டினார்.

"பாருங்கம்மா, காக்கா தின்னுடுச்சு. முடிஞ்சுது. இனி எடுக்கலாம்."

"அது உங்க எச்சில் சார்" என்றாள் சரோஜம்மாள். "அவுரோடது உள்ள இருக்குது."

கை கழுவத் தண்ணீர் ஊற்றினாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டித் தடத்தில் இறங்கும்போது, போய்வாருங்கள் என்று முறையாகச் சொன்னாள். மீசையில் ஒட்டியிருந்த களி தேன்கனிக்கோட்டை வருவதற்குள் காய்ந்து இறுகிவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்து அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தார்.

அறையில் மறுபடியும் வரைந்து பார்த்தார். ஓசூர்ச் சந்தையில் மாதுளை வாங்கினார். களி விற்கிற கடையில் ஓர் உருண்டை கட்டித் தரச் சொன்னபோது கடைக்காரன், மாஸ்டர் நம்ம ஊர் ஆளாகிவிட்டார் என்று சிரித்தான். இலையைப் போட்டு, நுனியைத் திருப்பி, நடுவில் வைத்தார். கட்டைவிரலால் தானே குழி அழுத்தினார். வெளிச்சம் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். உருண்டை உருண்டையாகவே இருந்தது. கடைசியில் அதை எடுத்து வெளியே எறிந்தார். சித்திரை வந்தது, போனது.

சென்னப்பனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டியிருந்தது. நன்றாகவே சொன்னார், பள்ளிக்கூட ஆசிரியர்களிடமும் அதையே சொன்னார். காட்டோரத்து ஜனங்கள் ஸ்டில் லைஃபைச் சாமியாக்கிப் பொட்டு வைத்துப் புகை போடுகிறார்கள். காக்கை வந்து மார்க் போட்டால்தான் படம் தேறுமாம். செத்தவனுக்குப் பதிலாக உட்கார்ந்து களி தின்றால் படத்தைத் தருகிறேன் என்கிறாள் ஒருத்தி. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணக்கு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

"நானா? உன் களியும் வேண்டாம், படமும் வேண்டாம்னு எழுந்து வந்துட்டேன்" என்றார் மாரிசாமி.

மணி அடித்தது. மேஜையில் கூஜாவையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைத்தார். பையன்கள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருஷத் தொடக்கத்தில் அவர் சொல்கிற, வரைந்த திராட்சையைப் பறவைகள் கொத்திய கதையை இந்த வருஷம் சொல்லவில்லை. வரையுங்கடா என்றார்.